பால் வேண்டாம்

மனைவியை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ‘அமைதி கக்கவும்’ என்று ஓர் அட்டை தொங்கியது. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். துணைக்கால் விட்டுப்போன ஓர் எழுத்தை அருகில் வைத்துக்கொண்டு அவளால் படுக்க முடியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்த பென்சிலை வாங்கி, எக்கி, ஒரு காலைப் போட்டாள். ‘காக்கவும்’ ஆயிற்று.

“இப்பதான் குமட்டல் நின்னுது. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றாள்.

அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவள் கண்ணுக்கு ஓர் எழுத்தும் தப்பாது என்பது அவருக்கு எப்போதும் தெரியும். தெரிந்தும் அவர் ஏமாந்த கதை இது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பால் விஷயத்தில் கன்றுக்குட்டி. ரொட்டிக்கு வெண்ணெய், சூப்புக்கு க்ரீம், மிச்சமிருக்கும் எல்லாவற்றுக்கும் சீஸ். தண்ணீரை மட்டும் தனியாகக் குடித்தார். அது அவருடைய பெருந்தன்மை.

ஓர் இலையுதிர் காலத்தில் அவருக்குத் தலை சுற்றியது. லிஃப்ட் மேலே போனால் அவர் கீழே போவதுபோல் இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மைக்கூட்டில் விழுந்து எழுந்த எறும்பு வீட்டுக்கு நடந்து போனதுபோல ஒரு கையெழுத்து. அவருடைய வீட்டில் அதைப் படிக்கத் தகுதியுள்ளவர் ஒருவர்தான்.

மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். “இரவு ஒன்று. பால் வேண்டாம்.”

“என்னது?”

“பால் வேண்டாம்.”

“பால்னா, பால் மட்டும்தானே?”

“வெண்ணெய், க்ரீம், சீஸ், அது பெத்த பிள்ளைங்க எல்லாந்தான்.”

“எத்தனை நாளைக்கு?”

“அதைப் போடலை. போடலைன்னா எப்பவும்னு அர்த்தம்.”

ஒரு மாதம் பொறுத்தார். ரொட்டி மரத்தூளாக இருந்தது. சூப் மழைத்தண்ணீராக இருந்தது. அப்போது அவள் திருத்துவதற்காக ஒரு சமையல் புத்தகத்தின் அச்சுப்படியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“ரிசொட்டோன்னு ஒண்ணு போட்டிருக்கு. குட்டை அரிசியைக் காய்கறி வெந்த சாறுல மெல்ல வேக வைக்கணும். இந்த சீசன் பூசணி, கேரட், காளான் போதும். பாலே இல்லாம, க்ரீம் ஊத்தின மாதிரி வருமாம்.”

“க்ரீம் இல்லாம க்ரீம் ஊத்தின மாதிரியா? கம்பி இல்லாம லிஃப்ட் ஏறுமா?”

“புத்தகத்துல ஏறுது.”

அந்த நிமிடம் அவருக்குத் திட்டம் உதித்தது. “நானே செய்யறேன். குழைவா வரலைன்னா நாளைக்கே வெண்ணெய் வாங்குவேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“வந்துட்டா?”

“வராது.”

“வந்துட்டா?”

“சனிக்கிழமை சனிக்கிழமை நானே செஞ்சு போடறேன், போதுமா?”

எதிர்வீட்டுத் தையற்காரர் நடுவரானார். சாப்பாடு உண்டு என்றால் அவர் எதற்கும் நடுவராவார்.

திட்டம் சுலபமானது. சாறு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அரிசி களியாகும், வெண்ணெய் வீடு திரும்பும்.

சனிக்கிழமை மத்தியானம் பூசணியை வெட்டினார். பாதியைத் துண்டுகளாகக் கேரட்டோடும் காளானோடும் வாட்டினார். பாதியை வேகவைத்து மசித்தார். வெங்காயம் வதங்கியதும் அரிசியைப் போட்டார். மனைவி முக்காலியில் உட்கார்ந்து அச்சுப்படியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“கிண்டுங்க.”

“கிண்டிக்கிட்டுதானே இருக்கேன்.”

“போதாது.”

“நீ என்னைக் கிண்டறியா?”

“நீங்க அரிசியை, நான் உங்களை. ரெண்டுல எது நின்னாலும் அடிப்பிடிச்சுடும்.”

அவர் சாறுப் பாத்திரத்தை இரு கையாலும் தூக்கினார். அவள் காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

“ஊத்துங்க, ஊத்திட்டுக் கையைக் கழுவுங்க. ஒவ்வொரு கரண்டியா விட்டு, வேகம் மாறாம கிண்டணும்னு போட்டிருக்கு. குலுங்காம நிறுத்தத் தெரிஞ்ச கைக்குத்தான் அதெல்லாம் வரும்.”

பாத்திரம் அந்தரத்தில் நின்றது. அவர் கைபட்ட லிஃப்ட் ஒரு மாடியில் நின்றால், வாசலுக்கும் தரைக்கும் நடுவே தபால்தலை கனம்கூட மேடு இருக்காது. கண் தெரியாதவர்கள் தட்டுத் தடுமாறாமல் இறங்கிப் போவார்கள்.

“யார் கையைக் குலுங்குதுங்கறே?”

“நான் உங்களைச் சொல்லலையே. பொதுவாச் சொன்னேன்.”

பாத்திரத்தை இறக்கினார். ஒரு கரண்டி விட்டார், கிண்டினார். அரிசி குடித்தது. அடுத்த கரண்டி. கை ஒரே தாளத்தில் சுற்றியது. இருபது நிமிடத்தில் அரிசி தன் மாவை விட்டுக்கொடுத்து, சாறு பட்டுப்போலக் கெட்டியாயிற்று. கரண்டியால் கோடு போட்டால் அவசரமில்லாமல் மூடிக்கொண்டது. மசித்த பூசணியைச் சேர்த்ததும் வாணலி முழுவதும் பொன்னிறம். அதை எட்ட நின்று ரசித்தபோதுதான், தான் அதைத் தோற்கவைக்க வந்தவன் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

தையற்காரர் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். “அண்ணே, வெண்ணெய் எவ்வளவு போட்டீங்க?”

“போடலை.”

“அப்ப க்ரீம்?”

“அதுவும் போடலை.”

“டாக்டர் பேச்சையும் கேக்கலை, பொய் வேற. அண்ணி, கொஞ்சம் கவனிச்சுக்குங்க.”

தோற்றதற்கு இவ்வளவு பெருமைப்பட்ட ஆளைத் தையற்காரர் பார்த்ததில்லை. மனைவி மூன்று முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

சனிக்கிழமைகள் நடந்தன. மாத்திரையை எப்போதும் மனைவிதான் வாங்கி வருவாள். சீட்டு எழுதி ஆறு மாதம் கழித்து முதல்முறையாக அவரே போனபோது, மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி மட்டும்தானே போடறீங்க? பகல்ல போட்டா லிஃப்ட்லயே தூங்கிடுவீங்க.”

“ராத்திரிதான். பாலும் தொடறதில்லை.”

“பாலா? இது ‘பகல்’ சார். இரவு ஒன்று, பகல் வேண்டாம்.”

லிஃப்ட் மெக்கானிக் அன்று படியேறி வீட்டுக்கு வந்தார். சீட்டை அவள் முன் வைத்தார்.

“நடுவுல இது என்ன எழுத்து?”

“க.”

“ஆறு மாசம் முன்னாடி?”

“துணைக்கால்.”

“உன் கண்ணு தப்பாப் படிக்காதே.”

“தப்பாப் படிக்கலை. திருத்திப் படிச்சேன்.” பென்சிலைக் கீழே வைத்தாள். “எனக்குப் பால் ஒத்துக்காது. இருபது வருஷமாச் சொல்றேன். உங்களுக்கு ஒரு பாத்திரம், எனக்கு ஒரு பாத்திரம்னு ரெண்டா வைக்கறேன். முடியாத நாள்ல உங்களோடதையே சாப்பிட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக்குவேன். நான் சொன்னா உங்க காதுல ஏறலை. டாக்டர் சொன்னா ஏறும்னு தோணிச்சு.”

அவர் யோசித்துப் பார்த்தார். அடுப்பில் எப்போதும் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. இரண்டாவது எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“தெரிஞ்சுபோச்சு இல்ல? கடை கீழேதான். போய் வெண்ணெய் வாங்கிக்குங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவர் வாசல்வரை போனார். செருப்பில் கால் நுழைத்தார். நின்றார்.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“சனி.”

“பூசணி இருக்கா?”

“அரைப் பூசணி வாங்கி வச்சிருக்கேன்” என்றாள் அவள். காலையிலேயே வாங்கியிருந்தாள்.

அதன் பிறகு ஒன்பது வருடச் சனிக்கிழமைகள். அவள் இறந்த மாதம் அவர் பரணை ஒழித்தார். அவள் வாங்கி வைத்திருந்த குட்டை அரிசி பதினோரு கிலோ இருந்தது. இப்போது நாலரை கிலோ இருக்கிறது.