சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

மதிப்புக்குரிய கால்முரத் மாமாவுக்கு,

சலாம். இங்கே அம்மா நலம், பசு நலம். பிஷ்கெக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் பரிந்து பேசி வாங்கித் தந்த வேலை இன்னும் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது இருக்குமா, தெரியாது.

வேலை எளிதுதான். அக்ரூட் காட்டில் சில இடங்களைக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் அதே இடங்களுக்குப் போய், எத்தனை மரக்கன்று முளைத்தது, எத்தனை மடிந்தது என்று பார்ப்பது. வானத்திலிருந்து எடுத்த படம் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் காடு பச்சைதான். கிழட்டு மரங்களின் தலை மட்டும் தெரியும். அடியில் கன்றே இல்லை என்பது தெரியாது. எல்லாம் ஆடு தின்றாயிற்று. இடம் தவறிவிடக் கூடாதே என்று ஓரத்து மரங்களில் சிவப்புத் துணி கட்டினேன். பாடநூலில் அப்படித்தான் இருந்தது. அதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை.

இந்தக் கோடையில் போனால், என் துணிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி, நீலத் துணி, ஒரு காலுறை. ஆடு மேய்க்கும் அனார்கான் அக்கா மரத்தடியில் வேண்டுதலாய்க் கையேந்தி உட்கார்ந்திருந்தாள். ஆடுகளைத் தொலைவிலேயே கட்டிப்போட்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"கத்தாதடா எர்மெக். புனிதமான எடம். யாரோ பெரியவரு கனவு கண்டு மொத துணி கட்டியிருக்காரு."

"கட்டுனது நான்தான்க்கா. கன்னு அளக்க."

"நீயா? இந்த மூஞ்சிக்குக் கனவு வேறயா? என் மக போன வருஷம் இங்கதான் வேண்டிக்கிட்டுத் துணி முடிச்சுப் போட்டா. இப்போ வயித்துல புள்ள. அத அளந்தியா?"

அளக்கவில்லை, மாமா. கன்றுகளை அளந்தேன். முழங்கால் உயரம், சில இடுப்பு உயரம். துணிக்குள் ஆடும் வரவில்லை, கோடரியும் வரவில்லை. வெளியே காலெடுத்து வைத்தால் மொட்டைத் தரை. நான் பார்க்கிற இடம் மட்டும் தழைக்கிறது. நான் பார்க்க வந்ததாலேயே தழைக்கிறது.

அந்தக் கணக்கைக் கண்டு எங்கள் அலுவலகத் தலைவர் குதித்தார். "காடு தேறிடுச்சுப்பா! மேல் சரிவுல மேய்ச்சல் தடைய எடுத்துடலாம். கையெழுத்துப் போடு." விளக்கிச் சொன்னேன். "அப்போ யாரோ மகான், அவுலியா காப்பாத்துறாருன்னு எழுதவா? மேலிடத்துல என்னப் பைத்தியம்பாங்க. போடுடா."

போடவில்லை. தடை போனால் மேல் சரிவின் கன்றுகள் ஒரே கோடையில் தீர்ந்துவிடும். நாளை போய் என் துணிகளை அவிழ்க்கப் போகிறேன். யாருக்கும் தெரியாத அடையாளம் வைத்து முதலிலிருந்து தொடங்குவேன். அவிழ்த்தால் இந்தக் கன்றுகளும் சாகும். சாகட்டும், அதுதான் காட்டின் உண்மை நிலை. வேலை போனால் என்னைத் திட்டாதீர்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

உங்கள் மருமகன்,
எர்மெக்

பி.கு.: அவிழ்க்கவில்லை. தலைவர் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார், தடை போயிற்று. அடுத்த வாரம் ஆடுகள் மேல் சரிவுக்கு ஏறும். சந்தையில் கிடைக்கிற சிவப்புத் துணியை எல்லாம் வாங்கி உடனே அனுப்புங்கள். சாயம் போகாததாகப் பாருங்கள். இந்த முறை கனவு கண்டது யார் என்று அனார்கான் அக்கா கேட்டாள். நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன்.