ஓவர்சியரை மூழ்கடித்த பித்தளை ரீல்

நீச்சல் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். சமைக்கத் தெரியாது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்பவர்கள் ஏராளம். ஆனால் மீன் பிடிக்கத் தெரியாது என்று சொன்ன ஓர் ஆண்மகனை இந்த வயது வரை நான் சந்தித்ததில்லை. கேட்டவுடனே எல்லோருக்கும் இரண்டு கையும் தானாக விரிந்து, 'இத்தாம் பெரிசு' என்று காட்டத் தொடங்கிவிடும்.

எனக்கும் விரிந்தது. விரிந்த இடம்தான் சரியில்லை. காவேரிப்பாக்கத்தில், பெண் பார்க்கப் போன வீட்டில்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. (ஷாப்பு என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) அந்த வாசனையோடு போனால் காரியம் கெட்டுவிடும் என்று, என் அக்கா முதல் நாளே சீயக்காயைக் குழைத்துக் கொடுத்து என்னைத் தேய்த்துக் குளிக்க வைத்திருந்தாள். தேய்த்ததில் தோல்தான் போயிற்று, வாசனை போகவில்லை.

பெண்ணின் பெயர் எஸ்தர். அவள் அப்பா ஆபிரகாம், ஏரி ஓவர்சியர். கடல் மாதிரி கிடக்கும் அந்த ஏரியில் எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவர் வைத்த சட்டம். தலையில் எப்போதும் துரைமார் வெயிலுக்குப் போடுவது போன்ற ஒரு வெள்ளை நெட்டித் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும் கழற்றுவார். அந்த ஆராதனையும் வாலாஜாவில். ஆகவே காவேரிப்பாக்கத்து ஜனங்கள் தொப்பியைப் பார்த்திருந்தார்களே தவிர, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குலம் கோத்திரம் கேட்கவில்லை. காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "தம்பி மீன் பிடிப்பீங்களா?" என்றார்.

"பாலாத்துல நான் புடிக்காத மீனா சார்!" என்றேன்.

(பாலாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஓடுவது மணல்.)

கதவுக்குப் பின்னாலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்புச் சத்தம். ஓவர்சியர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! என் தூண்டில்ல இருந்த ரீல் துருப்பிடிச்சுப் போச்சு. அடுத்த வாட்டி பட்டணம் போனா நல்ல ரீலா ஒண்ணு பார்த்து வாங்கியாங்க. காசு நான் குடுத்துடறேன். ரீலைப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவேன் நான்" என்றார்.

ஆக, மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைத்தாயிற்று. பரீட்சை எதில் என்பதுதான் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே ரீல் தையல் நூல் சுற்றிய கட்டை.

ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கும் கரீம் என் உயிர்த் தோழன். அவனிடம் யோசனை கேட்டேன்.

"இன்னா தோஸ்த், இதுக்குப் போயி பேஜார் ஆவுற? தோலு வாங்குறப்போ இன்னா பண்றோம்? சுண்டிப் பாக்குறோம். நல்ல தோலு சத்தத்துலயே சொல்லிடும். ரீலும் அப்டித்தான். எது ஜாஸ்தி சத்தம் போடுதோ அத்த வாங்கு."

இந்த உபதேசத்தோடு பட்டணம் போனேன். மவுண்ட் ரோட்டில் துரைமார்களுக்குத் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் ஒரு பெரிய கடை. கோட்டுப் போட்ட விற்பனைக்காரர் கண்ணாடிப் பலகைமேல் பச்சை வெல்வெட்டை விரித்தார்.

"சார் எந்த மாதிரி மீன் பிடிக்கிறவர்?" என்றார்.

"எல்லா மாதிரியும்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரத்தில் செய்த ஒரு சக்கரத்தை எடுத்து வைத்தார். "இது சாதா ரீல். பல்லு கில்லு ஒண்ணும் கிடையாது. கரையோரமா உக்காந்து, தவளையோ மண்புழுவோ கோத்துத் தொங்கவிட்டு, பொறுமையாப் பிடிக்கிறதுக்கு. ஏரி, குளம்னா இதுதான் சார்."

பார்க்க நாடா சுற்றும் கட்டை மாதிரி இருந்தது. விரலால் சுண்டினேன். 'டொக்' என்றது. தள்ளி வைத்தேன்.

அடுத்து மெல்லியதாக ஒன்று. "இது நீலகிரி ஓடைக்கு. இறகால கட்டின பூச்சியை வீசி டிரௌட் மீன் பிடிப்பாங்க. நூலைப் பத்திரமா வெச்சுக்கறதுதான் இதுக்கு வேலை, மத்ததெல்லாம் கைதான்."

காவேரிப்பாக்கத்துக்கு மலையைக் கொண்டுபோக முடியாது என்பதால் அதையும் தள்ளினேன்.

"இது சீமையிலேருந்து இப்போதான் வந்திருக்கு. தூர வீசறதுக்கு. இதுல சக்கரம் சுத்தாது, நூல் மட்டும் உருவிட்டு வரும். சிக்கலே விழாது. புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு ரொம்ப..."

"கத்துக்குட்டிக்கா?" என்று நான் புருவத்தைத் தூக்கினேன். அவர் வாயை மூடிக்கொண்டு அதை உள்ளே வைத்துவிட்டார். (என் தலைவிதி அந்த இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.)

கடைசியாக வந்தது, பித்தளையில் தகதகவென்று, எங்கள் ஷாப்பு மானேஜரின் கடிகாரத்துக்கு அண்ணன் போல ஒன்று. "மல்டிப்ளையர். கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா உள்ளே நாலு சுத்து சுத்தும். பெரிய ஆத்துல, பெரிய மீனுக்கு. ஆனா வீசும்போது கட்டைவிரலை நூல்மேல வெச்சுத் தடவிக்கிட்டே இருக்கணும் சார். விரலை எடுத்தா..."

எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் நான் சுண்டிவிட்டேன். 'கிர்ர்ர்ர்ர்' என்று அது போட்ட கூச்சலில் எதிர்வரிசையில் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்த ஒரு துரை திரும்பிப் பார்த்தார். கரீம் சொன்ன ரீல் இதுதான். கட்டச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, ஏரிக்கரை. ஓவர்சியர், அவர் சம்சாரம், எஸ்தர், ஒரு கூடை இட்லி. ஓவர்சியர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்தார். பித்தளையில் வெயில் பட்டு அவர் முகமே மின்னியது.

"அடேயப்பா! இதை ஓட்டணும்னா பழகின கையாச்சே வேணும்! நான் ஏதோ மடைப் பக்கம் உக்காந்து தவளை போட்டு விரால் புடிக்கிறவன். முதல் வீச்சு நீங்கதான் வீசணும் தம்பி" என்று ரீலைத் தன் தூண்டில் கோலில் மாட்டி என் கையில் கொடுத்தார்.

மறுத்திருக்கலாம். வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எஸ்தர் இட்லிக் கூடைக்குப் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து, நாடகம் பார்க்க வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். நூல் முனையில் கொக்கியைக் கட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு தோல் கட்டுக்குப் போடுவது. ஒரு இழுப்பில் அவிழ்ந்து வர வேண்டும் என்பதற்காகவே போடும் முடிச்சு அது. ஈயக்குண்டு, தவளை எல்லாம் தொங்கவிட்டு, கோலைப் பின்னால் ஓங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி முன்னால் வீசினேன்.

வீசும்போது ஏதோ கனமாக இருந்தது. மீன் பிடிக்கும் கலையே இப்படிக் கனமாகத்தான் இருக்கும் போலும் என்று நினைத்தேன்.

கட்டைவிரல் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரீல் வெறிபிடித்துச் சுற்றியது. நூல் வெளியே போவதற்குப் பதிலாகப் பொங்கிப் பொங்கி எழுந்து, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி என் மணிக்கட்டைச் சுற்றி அடைந்தது. சட்டென்று ரீல் நின்றது. முடிச்சு, தன் குணப்படி, அவிழ்ந்தது. ஏரியின் மேல் ஒரு வெள்ளைப் பறவை அழகாக வட்டமிட்டுப் பறந்துபோய்த் தண்ணீரில் இறங்கியது.

பறவை அல்ல. என் கொக்கியில் மாட்டிய ஓவர்சியரின் தொப்பி.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் உரித்த நுங்கு போல ஒரு தலை. "என் தொப்பி" என்றது அது, குழந்தை மாதிரி.

காற்று தொப்பியை மெதுவாக நடு ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போயிற்று. அந்த நேரம் பார்த்து, மடைக்காவல் லஸ்கர் முனுசாமி தூரத்தில் கரைமேல் வந்தான். தொப்பியைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! ஓவர்சியர் ஐயா முழுகிட்டாரு! ஓடியாங்க, ஓடியாங்க!"

வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள், மாட்டுக்காரர்கள், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரைமேல் திரண்டுவிட்டார்கள். முனுசாமி வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு ஓடிவந்தான். ஓவர்சியர் அவன் குறுக்கே போய் நின்று, "டேய் முனுசாமி! நான் இங்க இருக்கேன்டா!" என்று கத்தினார்.

"யோவ் மொட்டை, வழிய வுடுய்யா! எங்க ஐயா போய்ட்டாருன்றேன்!" என்று அவரைத் தள்ளிவிட்டுத் தண்ணீரில் குதித்தான்.

ஓவர்சியர் கூட்டத்துக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டார். ஒரு கிழவி மார்பில் அடித்துக்கொண்டு, "எங்க ராசாவே, தண்ணி காத்த தருமரே" என்று ஒப்பாரியை ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவள், "ஆமா, தருமரு! மடையத் தொறன்னா கண்ணத் தொறக்காத மனுசன்" என்று முணுமுணுத்தாள்.

"யாரு, யாரது?" என்று ஓவர்சியர் எட்டிப் பார்த்தார்.

"நீ யாருய்யா அசலூரா? ஊரே அழுவுது, நின்னு வேடிக்கை பாக்குற. அழுய்யா!" என்றார் ஒரு பெரியவர்.

பக்கத்தில் அவர் சம்சாரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து நாலு பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் கை கட்டப்பட்ட கைதியாக, நூலோடு நின்றேன். எஸ்தரைப் பார்த்தேன். இட்லிக் கூடையைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முனுசாமி தேம்பிக்கொண்டே கரையேறினான். வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், எதிரே நின்ற மொட்டைத் தலைக்காரரிடமே தொப்பியை இரண்டு கையாலும் நீட்டி, "இதாங்க மிச்சம்" என்றான்.

ஓவர்சியர் வாங்கினார். தண்ணீரைக் கொட்டினார். தலையில் வைத்தார்.

முனுசாமி வாய் பிளந்தான். "ஐயா! எப்போ கரையேறினீங்க?"

அதற்குள் ஒப்பாரி பாதியில் நின்றது. மடையைப் பற்றி முணுமுணுத்தவள் எந்தப் பக்கம் ஓடினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் கையிலிருந்த நூலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். அடுத்த ரயிலுக்கு நான் துண்டை உதறிக்கொண்டு கிளம்பும்போது, உள்ளே ஓவர்சியர் குரல் கேட்டது.

"எஸ்தர், நீ இன்னாம்மா சொல்ற?"

"இவரு இருந்தா பொழுது போகும்ப்பா."

"பொழுது போகும். கூடவே தலையும் போகும்" என்றார் அவர். அப்புறம் ஒரு பெருமூச்சு. "சரி, வெளியில வுட்டா ஊருக்கு ஆபத்து. நம்ம பார்வையிலயே இருக்கட்டும்."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தாயிற்று. ஆனால் அந்தக் குடும்பத்தில் சுற்றுகிற சாமான் எதையும் இன்றுவரை என்னைத் தொடவிட்டதில்லை. கிணற்று ராட்டினத்தில் நான் கை வைத்தால், தாகமில்லை என்பார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட விடமாட்டார்கள். என் பெரிய மகள் கல்யாணத்தன்று, பாட்டு நின்றுபோன கிராமபோனுக்குச் சாவி கொடுக்கலாமே என்று நான் எழுந்தேன். எழுந்ததுதான் தாமதம், பந்தல் முழுக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்பட, ஒரே குரலில் கத்தினார்கள்:

"எல்லாரும் தலையைப் புடிச்சுக்குங்க!"