நானா செஞ்சேன்? என் ஆளு செஞ்சான்

பகடையைக் கையில் எடுத்ததும் சிலர் அதை ஊதுவார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரை உருட்டச் சொல்லிவிட்டு, விழுந்த எண்ணுக்கான பழியையும் அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. நான் பல வருடங்களாகக் கவனித்துவரும் ஆள் வேறு. தன் முறை வருவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே, மேசை ஓரத்தில் பகடையை உருட்டிவிட்டு எட்டிப் பார்ப்பார். சின்ன எண் விழுந்திருந்தால், "சும்மா உருட்டிப் பாத்தேன்" என்பார். பெரிய எண் விழுந்திருந்தால், "உருட்டியாச்சு, எல்லாரும் பாத்துக்குங்க" என்பார்.

இந்த இனத்துக்கு ஆட்டங்கலைப்பார் என்று பெயர் வைத்திருக்கிறேன். கலைப்பான் என்றுதான் முதலில் வந்தது. மரியாதை குறையக்கூடாதே என்று மாற்றிக்கொண்டேன்.

இவரை நீங்கள் சீட்டாட்டத்தில் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தோடு படம் பார்க்கையில், "இவன்தான் கொலைகாரன், பாருங்க" என்று பாதியிலேயே சொல்கிறவராகவும் பார்த்திருப்பீர்கள். ஆனால் இவர் முழுதாக மலர்ந்து மணம் வீசுவது கதை விளையாட்டில்தான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார்: இப்படி ஒரு நாடு, இப்படி ஒரு காடு, அங்கே இப்படி ஓர் ஆபத்து. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் தட்டுறேன்", "நான் மரத்துல ஏறிப் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். தட்டினால் கதவு திறக்குமா, ஏறினால் கிளை தாங்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். இதில் ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. கதை நகர வேண்டும், அவ்வளவுதான். வளர்ந்தவர்கள் விளையாடுகிற விளையாட்டா இது என்று கேட்காதீர்கள். வளர்ந்தவர்கள் ஆபீசில் விளையாடுவதைவிட இது எவ்வளவோ நாணயமானது.

எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அக்காவின் தையல் கடையில் கூடும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டுகிற மேசைமேல் தையல் சாக்கட்டியால் அக்கா வரைபடம் போடுவாள். நீலக் கோடு ஆறு, வெள்ளைக் கோடு பாதை. கோட்டுப் பித்தான் அரசன், சட்டைப் பித்தான்கள் காவலர்கள். கதை நடத்துவதும் அக்காதான். வாரம் முழுக்க அளவெடுத்துக்கொண்டே அடுத்த வாரத்துக் கதையை யோசிப்பாள். எதிரிப்படை எந்தப் பக்கமாக வருவது என்ற யோசனையில் ஒருமுறை ஒருவர் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையை வைத்துத் தைத்துவிட்டாள்.

அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. மேசையில் சொன்னால் நடந்தது நடந்ததுதான். வாபஸ் கிடையாது. வெட்டிய துணியோடு பிழைக்கிறவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

விளையாடுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணன். பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண். அவளை 'டோக்கன்' என்றே கூப்பிடுவோம். அப்புறம், அக்காவோடு கடையில் தைக்கிற நான். கதையில் எனக்குச் சமையல்காரி வேடம், அடிக்கடி வாய் திறக்க வேண்டியதில்லை. நாலாவது ஆள், பக்கத்துத் தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். அவர்தான் நம் ஆட்டங்கலைப்பார்.

அவருடைய வேடத்தைக் கேளுங்கள். அவன் ஒரு கூலிக் கொலையாளி. சின்ன வயதில் பெற்றோரைப் பறிகொடுத்தவன். யாரையும் நம்ப மாட்டான், யாரோடும் சிரிக்க மாட்டான், முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார மாட்டான். நிஜத்தில் கண்ணாடிக்கடைக்காரரின் பெற்றோர் இருவரும் சௌக்கியம். போன மாதம்கூட அவர் அம்மா எங்கள் கடைக்கு வந்து, மகனின் பைஜாமாவுக்கு நாடா மாற்றிக்கொண்டு போனார்கள்.

யாரையும் நம்பாத இந்தக் கொலையாளி எங்களோடு ஏன் பயணம் வருகிறான் என்று நாங்கள் கேட்டதில்லை. வழியில் நாங்கள் தூங்கும்போது எங்கள் பைகளைத் துழாவுவான். எங்களுக்கு வழி சொல்ல வந்த கிழவரை ஒற்றர் என்று சந்தேகப்பட்டுக் கிணற்றில் தள்ளுவான். அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய கிழவர் அவர்; வாயைத் திறந்து முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டார். ஏங்க இப்படி என்று கேட்டால், கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நிதானமாகச் சொல்வார்: "நானா செஞ்சேன்? என் ஆளு செஞ்சான். அவன் சுபாவம் அப்படி. நான் என்ன பண்ண முடியும்?"

அந்த ஆளை உண்டாக்கியது யார்? அந்தச் சுபாவத்தைக் கொடுத்தது யார்? கேட்கலாம்தான். யார் கேட்பது?

மற்றவர்கள் விளையாடும்போது அவர் போனைப் பார்ப்பார். தன் முறை வந்ததும் தலையை நிமிர்த்தி, "இப்ப எங்க இருக்கோம்?" என்பார். அக்கா முதலிலிருந்து சொல்வாள். பாதியில், "சரி சரி, புரிஞ்சுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் புரியாததைச் செய்வார். ஆட்டம் முடிந்து எழுந்து போகும்போது, "இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா போச்சுல்ல?" என்று அக்காவுக்கு ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போவார்.

இத்தனையையும் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது டிரைவர் அண்ணன் விஷயத்தில்.

அண்ணன் அதிகம் பேசாதவர். நாள் முழுக்க அவர் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதிய பலகை தொங்குகிறது. வீட்டில் பலகை கிடையாது; ஆனால் நிலைமை அதேதான் என்று அவரே ஒருமுறை சொல்லிச் சிரித்தார். கதையில் அவர் ஒரு தூதர். பல மாதங்களாக எங்கள் கதை ஓர் இடத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது: போருக்குத் துடிக்கும் அரசன் முன்னால் போய் நின்று, போர் வேண்டாம் என்று தூதர் பேச வேண்டும். அண்ணன் அந்தப் பேச்சை சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றதில் பின்னால் ஹாரன் அடித்தார்களாம். அந்தப் பேச்சு நடக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அண்ணன் எழுந்து நின்றார். மேசையில் இருந்த கோட்டுப் பித்தானைப் பார்த்துப் பேசினார்.

"அரசே, உங்க வீரன் ஒருத்தனைக் கூப்பிடுங்க. யாரா இருந்தாலும் சரி. உன் பிள்ளைக்கு இப்ப எத்தனை பல்லு முளைச்சிருக்குன்னு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி…"

பகடை உருளும் சத்தம் கேட்டது.

"நான் அரசனைக் குத்துறேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அக்கா, "அவர் பேசிட்டிருக்காருங்க" என்றாள்.

"பேசட்டும். இப்ப அரசன் அவரைத்தான பாத்துட்டிருப்பான்? குத்துறதுக்கு இதைவிட நல்ல நேரம் கெடைக்குமா? எண்ணைப் பாருங்க, எவ்ளோ பெருசு."

"நாம போரை நிறுத்தத்தான வந்தோம்?" என்றாள் டோக்கன்.

"அது நீங்க. என் ஆளு சின்ன வயசுலேர்ந்து அரசர்களை வெறுக்குறவன்ம்மா. நானே நெனச்சாலும் அவனைப் பிடிக்க முடியாது."

மேசையில் சொன்னால் நடந்ததுதான். அக்கா கோட்டுப் பித்தானைக் குப்புறக் கவிழ்த்தாள். டிரைவர் அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். உட்கார வேண்டும் என்பது அவருக்கு மறந்துவிட்டதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லியனுப்பினார். அன்று மத்தியானம், பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே, எதிர் நடைபாதையில் இரண்டு கால்கள் வந்து நின்றன. அந்தப் பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு தைத்தவள் நான். எனக்கு முழங்காலுக்குக் கீழே பார்த்தாலே போதும், யாரென்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் நின்றன. உள்ளே கண்ணாடிக்கடைக்காரர் ஏதோ உரக்கச் சொன்னார். கால்கள் திரும்பிப் போய்விட்டன.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: ஒரு மனிதரிடம், "ஐயா, உங்களால் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வதற்கு என்ன? சொல்லலாம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அளவு தப்பாகச் சொன்ன வாடிக்கையாளரிடம்கூட, "துணி சுருங்கிடுச்சுங்க" என்று சொல்லும் கடை அது. அதனால் நாங்கள் செய்யத் தெரிந்ததைச் செய்தோம். கதைக்குள்ளேயே அவருடைய ஆளைக் கொன்றோம். அக்கா ஒரு பாறையை உருட்டிவிட்டாள். கொலையாளி நசுங்கிச் செத்தான். எல்லோரும் உதட்டைப் பிதுக்கி வருத்தப்பட்டோம்.

அடுத்த வாரம் அவர் புது ஆளோடு வந்தார். செத்தவனின் இரட்டைச் சகோதரன். அதே கத்தி, அதே சுபாவம், அதே சின்ன வயசுத் துக்கம். கூடுதலாக, செத்த சகோதரனுக்காகப் பழி வாங்கும் எண்ணம் வேறு.

பிறகுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. கதைக்குள் ஒரு விசாரணை மண்டபம் வைத்தாள். இரட்டைச் சகோதரன் கூண்டில் நிற்க வேண்டும், மற்றவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை வேடத்தின் வாயால் சொல்லிவிடலாம் அல்லவா? டோக்கனின் வேடம் வைத்தியச்சி. அவள்தான் முதலில் எழுந்தாள்.

"நீ பேசினப்ப நாங்க எல்லாரும் கேட்டோம். நாங்க பேசினப்ப நீ ஒரு நாளாவது கேட்டிருக்கியா? உனக்கு நாங்க யாரு? நீ உருட்டுறதை வேடிக்கை பாக்க வந்தவங்களா?"

நீதிபதியாக இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நல்ல மனுஷன் ஒருத்தர் உன்னால இந்தப் பக்கம் வர்றதையே நிறுத்திட்டாரு. அவருக்கு இருந்தது இந்த ஒரு இடந்தான். அது உனக்குத் தெரியுமா?"

நானும் பேசினேன். சமையல்காரி பேசினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உனக்கு இனி சோறு கெடையாது" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். அவரை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கண்ணைத் துடைத்தார். உறைத்துவிட்டது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டோக்கனுக்கு அழுகையே வந்துவிட்டது, பாவம்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அருமை" என்றார். "என்னா நடிப்பு. ஒரு நிமிஷம் நிஜமாவே என்னைத்தான் சொல்றீங்களோன்னு ஆயிடுச்சு. இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இதையெல்லாம்? என் ஆளு திருந்த மாட்டான், தீவுக்கு நாடு கடத்துங்க. அங்கேர்ந்து படை திரட்டிட்டு வர்றேன். வாரா வாரம் இப்படியே வைங்க."

போகும்போது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதலும் சொன்னார். "அந்த டிரைவர் வரலைன்னு வருத்தப்படாதீங்க. சிலருக்குக் கூட்டத்தோட ஒத்துப்போகத் தெரியாது. எங்க கடைக்காரங்க சங்கத்துலயும் ஒருத்தர் இருக்காரு. யாரையும் பேச விட மாட்டாரு. சொன்னாலும் உறைக்காது. என்ன பண்றது, சகிச்சுட்டுப் போறோம்" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் அக்கா வெட்டு மேசையைத் துடைக்கவில்லை. ஒரு லைனிங் துணியை விரித்து, மேசைமேல் இருந்த வரைபடத்தை அப்படியே அதில் வரைந்தாள். ஆறு, பாதை, அரண்மனை. கோட்டுப் பித்தானை நிமிர்த்தி அரண்மனைக்குள் வைத்தாள். தன் ஒரே சட்டத்தை அவள் உடைத்ததை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு புதன்கிழமை சாயங்காலம் டிப்போவுக்குப் போனோம். அங்கே டிரைவர்களின் ஓய்வறையில் ஒரு நீளமான மேசை இருக்கிறது. அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். துணியை விரித்ததும் பித்தானைப் பார்த்தார். "இவரு செத்துட்டாரே?" என்றார்.

"அது ஞாயித்துக்கெழமை" என்றாள் அக்கா. "இன்னைக்குப் புதன்."

ஆக, ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாத காரணத்தால், எங்கள் கூட்டம் இப்போது இரண்டு கதை நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கதையில் அரசன் செத்து, நாடு பற்றி எரிந்து, தீவிலிருந்து ஒருவன் படையோடு வந்துகொண்டிருக்கிறான். அதற்கும் நாங்கள் போகிறோம். நன்றாகவே நடிக்கிறோம். கண்ணாடிக்கடைக்காரருக்கு எங்கள் மேல் முன்னைவிட மதிப்பு. நடுவாரத்தில் ஒரு சாயங்காலம் நாங்கள் யாரும் போனை எடுப்பதில்லையே என்று ஒருமுறை கேட்டார். அக்காவுக்கு அவசரத் தையல், எனக்குத் தலைவலி, டோக்கனுக்குக் கிளினிக்கில் கூட்டம். அப்படியே நம்பினார். நம்பாமல் என்ன? யாரையும் நம்பாதவன் அவருடைய ஆளுதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அவரை நினைத்துச் சிரித்தும் இருப்பீர்கள். சிரியுங்கள். கண்ணாடிக்கடைக்காரரும் சங்கத்து ஆளை நினைத்து அப்படித்தான் சிரித்தார். ஆனால் உங்கள் நண்பர்கள் சமீப காலமாக உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றால், நீங்கள் சொல்வதெல்லாம் அருமை என்கிறார்கள் என்றால், வாரத்தில் ஏதோ ஒரு சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடுகிறது என்றால், ஒருநாள் அந்த நேரத்தில் வெளியே போய், வெளிச்சம் தெரிகிற ஜன்னல்களைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டு வாருங்கள்.

புதன்கிழமைக் கதையில் டிரைவர் அண்ணன் அரசன் முன்னால் பேசத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. உள்ளதைச் சொன்னால் பேச்சு கொஞ்சம் நீளம்தான். யாரும் குறுக்கே பேசவில்லை. அரசன் உயிரோடு இருக்கிறார். போர் இன்னும் தொடங்கவில்லை.