கெட்டக்கா பார்த்த வண்டி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஓர் ஆண்பிள்ளை நேராக நடந்து போகிறான் என்றால், ஒன்று அவனுக்கு பைக் ஓட்டத் தெரியாது, இல்லையென்றால் அவன் கெட்டக்காவின் கைவேலை. மூன்றாவது வகையை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பெயரைக் கேட்டு யாரும் பயப்படவேண்டாம். கெட்ட அக்கா இல்லை, கெட்டு அக்கா. மற்ற ஊர்க்காரர்கள் 'கட்டு' என்பதை நாங்கள் 'கெட்டு' என்போம். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடுகிற அறையில் அவர் நர்ஸ். வீட்டில் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது சட்டையில் குத்தியிருந்த வில்லையில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "கெட்டக்கா இன்னைக்கு லீவா?" என்று அவரிடமே கேட்டவர்கள் பலர்.

அவருக்கு முகம் மனதில் நிற்காது. எலும்புதான் நிற்கும். குளத்தூர் சந்தையில் யாராவது சிரித்தால், கண்ணைச் சுருக்கி ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடது முட்டுதானே? சொகமா இருக்கா?" என்பார். சொகம் அந்த முழங்கால் முட்டுக்கு. முட்டுக்குச் சொந்தக்காரன் எப்படி இருக்கிறான் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

என் தோழியின் கல்யாணம் சர்ச்சில் நடந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். சர்ச்சே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. அப்போது பின்வரிசையிலிருந்து கெட்டக்காவின் குரல் வந்தது. "மோனே, அந்த மணிக்கட்ட ரொம்ப மடக்காத, கேட்டியா. இன்னும் முழுசா கூடல்ல." மணிக்கட்டு முறிந்த கதையே மணப்பெண்ணுக்கு அப்போதுதான் தெரியும். அவள் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் இன்னொரு எலும்பு முறிந்திருக்கும்.

பைக்குகளின் பெயரும் அவருக்குத் தெரியாது. கம்பெனி, சிசி, குதிரைசக்தி எல்லாம் அவருக்கு ஒரே இரைச்சல். உடைக்கிற எலும்பை வைத்துத்தான் வண்டியை அடையாளம் சொல்வார். "அது காலர்போன் வண்டியாக்கும்" என்பார். வேறொன்றைக் காட்டினால், "அய்யோ, இது கணுக்கால் வண்டியில்லா?" என்பார். புது மாடல் ஒன்று சந்தைக்கு வந்தால், அது எந்த எலும்பு என்று தெரியும்வரை கருத்துச் சொல்லமாட்டார். நம்ம ஊர்ப் பையன்கள் அவரை ரொம்ப நாள் காத்திருக்க விட்டதும் இல்லை.

இந்த அக்காவின் கையில்தான் என் தலையெழுத்து மாட்டியது.

திருவனந்தபுரத்தில் எனக்கு வேலை கிடைத்த நேரம். லைசென்ஸ் புதுசு, வேலை புதுசு, ஆசை மட்டும் பழசு. நெய்யாற்றின்கரை ஷோரூமின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் நின்றது. வால் தூக்கி, தலை தாழ்த்தி, இப்போதே பாயப்போகிற மாதிரி நிற்கும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பதற்காகவே இடதுபக்க ஜன்னலுக்கும் வலதுபக்க ஜன்னலுக்கும் சண்டை போட்டிருக்கிறேன். அந்த வண்டி இல்லாமல் எனக்கு வாழ்க்கை இல்லை என்று உண்மையாகவே நம்பினேன்.

அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "அந்தக் கெட்டு விழுந்தா இந்தக் கெட்டு நடக்காது பிள்ளே."

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் கெட்டு என்றுதான் பெயர். அம்மாவின் கணக்குப்படி, காலில் மாவுக்கட்டு விழுந்த பெண்ணுக்குக் கழுத்தில் தாலிக்கட்டு விழாது. நான் அழுதேன், பட்டினி கிடந்தேன், இடையிடையே அடுக்களையில் திருடித் தின்றேன். அப்பா, அம்மாவுக்குச் சம்மதமென்றால் தனக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டு நழுவினார். கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னாள். "கெட்டக்கா வந்து பாத்து சரின்னு சொல்லட்டு. பின்ன நானும் சொல்லுதேன்." முறிந்த எலும்புகளுக்கு நடுவில் வாழ்கிறவர் எந்தக் காலத்தில் பைக்குக்குச் சம்மதிப்பார் என்பது அவள் தைரியம்.

மதுரையில் வாக்கப்பட்ட சித்தியிடம் அம்மா இதைச் சும்மா இருக்காமல் போனில் சொன்னாள். கெட்டு விஷயமாக ஓர் அக்காவிடம் பேசியிருக்கிறது, சனிக்கிழமை பார்க்கப் போகிறோம் என்றாள். சித்தியும் எங்கள் ஊர்க்காரிதானே. அவள் எந்தக் கெட்டை எடுத்துக்கொண்டாள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைப் பையனையும் 'அது' என்று சொல்கிற வழக்கம் உண்டு என்பதால் சங்கதி இன்னும் மோசமானது.

"பாக்க எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள் சித்தி.

"செவப்பு. உயரம்தான் கூடுதல். இவளுக்கு எட்டாது" என்றாள் அம்மா.

"குடிக்குமா?"

"நல்லா குடிக்கும்னுதான் சொல்லுதாவ. எது குடிக்காம இருக்கு? சத்தமும் உண்டு. முக்குல திரும்பினா ஊருக்கே கேக்கும்."

"பின்ன எதுக்குக்கா இத போயி பாக்குதிய?" என்றாள் சித்தி.

"இவளுக்கு அதுதான் வேணுமாம். அதுல ஏறித்தான் ஆபீசுக்குப் போவேங்கா."

சித்தி அன்றைக்கே பஸ் ஏற இருந்தாள். நான் போனைப் பிடுங்கி, அது வண்டி என்று விளக்கவேண்டியதாயிற்று. "அப்போ குடிச்சா குடிக்கட்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை கெட்டக்கா ஷோரூமுக்கு வந்தார். சிவப்பு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விலை கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை. சேல்ஸ்மேனிடம் மலையாளத்தில், "மோனே, இதொன்னு கிடத்திக்கே" என்றார். வார்த்தை புரிந்தும் அவனுக்கு விஷயம் புரியவில்லை. வண்டியைப் படுக்க வைக்கச் சொல்கிறார் என்று நான்தான் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஷோரூமில் வண்டியைக் கழுவச் சொன்னவர்களும் துடைக்கச் சொன்னவர்களும் உண்டு. கீழே தள்ளச் சொன்னவர் அக்கா ஒருவர்தான்.

"ஒருநா இது விழும். விழும்போ தூக்கப்போறது இவளாக்கும். நீ வருவியா தூக்க?" என்றார் அக்கா.

அவன் ஓடிப்போய் மேனேஜரை அழைத்து வந்தான். மேனேஜர் விறைப்பாக வந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வலது தோளு" என்றார். "இப்போ கை முழுசா பொங்குதா?" மேனேஜர் அத்தனை பேர் நடுவில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு வண்டி வந்த அட்டைப்பெட்டிகளை அவரே தரையில் விரித்து, இரண்டு பேரை வைத்து, பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல அந்தச் சிவப்பைக் கிடத்தினார்.

நான் தூக்கினேன். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, முழுப்பலத்தோடும் தூக்கினேன். வண்டி ஒரு சாண் எழும்பி மறுபடியும் படுத்துக்கொண்டது. அந்த இரண்டு பேர் நிமிர்த்தி வைக்க, ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது, மொத்த உடம்பும் கையில் விழுந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அம்மா ரகசியமாக நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"எதுக்கு கரையுதே? வண்டி இது ஒண்ணுதான் உண்டா?" என்ற அக்கா, மூலையில் நின்ற ஒரு நீல வண்டியைக் காட்டினார். அதே சாயல், அதே சாய்வு, கொஞ்சம் சின்னது. அதையும் கிடத்தினார்கள். முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, ஒரே தம்மில் அதை நான் நிமிர்த்தினேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அக்கா பிரேக்கைப் பற்றி மட்டும் சேல்ஸ்மேனைக் குடைந்தார். அமுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது என்று அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "சிஸ்டரே, இதுல ஏறினா கெட்டு விழாதுன்னு நீங்க சொல்ல முடியுமா?" என்றாள்.

"முடியாதுக்கா. வண்டியானா விழும்" என்றார் கெட்டக்கா. "ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. எலும்புக்கு பேடிச்சு, பயந்து பயந்து கெட்டுக்குள்ளயே வச்சிருந்தா, அது உள்ளயே மெலிஞ்சு போவும். நான் நாள்தோறும் மாவுக்கெட்டு வெட்டிப் பாக்குதேன். பிள்ளைய விடுங்க."

அம்மா அந்த நீல வண்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேல்ஸ்மேனிடம் திரும்பி, "இதுக்கு மைலேஜ் எத்தற கிட்டும்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சம்மதம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள்.

வண்டிக்கு முன்னால் எனக்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் வந்தன. ஒவ்வொரு விரலையும் அமுக்கிப் பார்த்து அக்காதான் எடுத்தார். முதல் மழையிலேயே ஒற்றசேகரமங்கலம் இறக்கத்தில் ரப்பர் இலைமேல் வழுக்கி விழுந்தேன். கையுறை கிழிந்தது, உள்ளங்கை கிழியவில்லை. வண்டியை நானே நிமிர்த்தி, நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். சிவப்பு வண்டியாக இருந்தால் இந்தக் கதையை இடதுகையால் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு.

ஆனால் அதைவிடப் பெரிய நன்றி ஒன்று இருக்கிறது. ஊர் முழுக்க பைக் ஓட்டுகிறவர்களைச் செப்பனிட்டு அனுப்பிய கெட்டக்கா, ஒருநாளும் பைக்கில் ஏறியதில்லை. எத்தனையோ பேர் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டும், கும்பிட்டுவிட்டு நடந்துபோவார். ஆஸ்பத்திரியில் பார்த்ததெல்லாம் அப்படி, அவ்வளவு பேடி.

ஒரு ஹர்த்தால் நாள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. திருப்புறம் பக்கம் கூரையிலிருந்து விழுந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கு போன். அவர் எனக்கு அடித்தார். "பிள்ளே, வண்டி உண்டா?"

போய் நின்றேன். அக்கா வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார், ஏறினார். என் இரண்டு தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி ஜாக்கெட்டைத் தாண்டித் தெரிந்தது. வழிநெடுக பஸ்ஸும் காரும் இல்லாத ரோடு. வாழ்க்கையில் வேகமாக ஓட்ட அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது. நான் ஒரு சைக்கிளைக்கூட முந்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு அக்கா சொன்னார். "பேடி போவல்ல, கேட்டியா. ஆனா நீ ஓட்டினா இனியும் ஏறுவேன்."

இப்போதும் என் பின்சீட்டில் யார் ஏறினாலும், கெட்டக்கா ஏறியிருக்கிறார் என்று நினைத்துத்தான் ஓட்டுகிறேன்.