கிராப் கட்டிய டேங்க்

உலகத்தில் தப்பே செய்யாத மனிதர்கள் மொத்தம் ஒரே ஒருவர்தான். அவர் ஆரணியில் இருக்கிறார். பெயர் கிராப்.

பெயரைக் கேட்டதும் நெற்றியில் அலை அலையாகப் புரளும் முடியை நீங்கள் கற்பனை செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவர் தலையில் முடி என்று எதுவும் கிடையாது. பட்டுச் சேலைக்கு முந்தானையும் பார்டரும் வரைந்து கொடுக்கிற டிசைன்காரர் அவர். முன்பெல்லாம் கட்டம் போட்ட கிராப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி மயிலும் மாங்காயும் போட்டார். இப்போது அதையே கம்ப்யூட்டரில் போடுகிறார். தாள் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "கிராப் வீடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்கள், கதவைத் திறக்கும் தலையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் படும் பாட்டை, அவர் வீட்டு மாடியில் ஏழு வருஷம் குடியிருந்த நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் போனால் நாமெல்லாம் மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்போம். கிராப் பார்டரைப் பார்ப்பார். போளூரில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிறது, எல்லார் கையிலும் அட்சதை. இவர் என் காதருகே குனிந்து, "சார், நாலாவது அன்னத்துக்கு ஒரு நகம் கொறையுது" என்றார். நான் அன்னத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "டேங்க் கட்டிகினு இருக்கேன் சார்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் மாடிக் குழாயில் தண்ணீர் வருவது, பெரிய மனிதர்கள் சிரிப்பது மாதிரி, எப்போதாவதுதான். ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அந்த வாரமே இரண்டு பிளாஸ்டிக் டிரம்களைத் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் போயிற்று. செங்கல் வரவில்லை, கொத்தனார் வரவில்லை. பொறுக்க முடியாமல் கீழே போய், "டேங்க் எந்த அளவுல இருக்கு சார்?" என்று கேட்டேன். "வாங்க, காட்றேன்" என்று உள்ளே கூட்டிப்போனார். சாப்பாட்டு மேசைமேல், ஒரு மீட்டர் நீளத்தில், பாதி கட்டிய போர் டேங்க் ஒன்று பீரங்கியை என் வயிற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

"செஞ்சுரியன்" என்றார். "அசலுல பத்துல ஒரு பங்கு சார். ஒரு நூல் இப்படி அப்படி இருக்காது."

எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் அண்ணன் கதை வந்தது.

கிராபின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் டேங்க் ஓட்டியவர். ஆனால் இந்தத் தெருவில் யாரும் அதை நம்பவில்லை. அதற்குக் காரணம் சாட்சாத் கிராப்தான். அண்ணன் லீவில் வந்திருந்தபோது இவருக்கு ஏழு வயது. "எங்கண்ணன் மிலிட்ரில டேங்க் ஓட்றாரு!" என்று தெருவெல்லாம் ஓடிச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் டேங்க் என்றால் அதற்குள் தண்ணீர்தான் இருக்கும். பட்டாளத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார் போலிருக்கிறது, பாவம், நல்ல வேலைதான் என்று தெரு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது.

அண்ணனோ வாய் திறக்காதவர். மறுத்துப் பேச அவருக்கு அலுப்பு. போட்டோ எதுவும் கிடையாது. சர்வீஸ் புத்தகத்தில் 'டிரைவர்' என்று ஒரே ஒரு சொல். வீட்டார் மெடலை எடுத்துக் காட்டியபோது எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர், "தண்ணி குடுத்தவங்களுக்கும் மெடல் உண்டுங்க, அதுவும் சேவைதானே" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஐம்பது வருஷமாக அண்ணனுக்கு முதுகுக்குப் பின்னால் பெயர் 'தண்ணி லாரி.' கடைசியில் சர்க்கரை வியாதி வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. பின்தெருவில் மகள் வீட்டில், நாற்காலியில், பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் வாயால வந்தது சார் அந்தப் பேரு" என்றார் கிராப். "அவரு இருக்கும்போதே, இந்தத் தெரு முன்னாடி, 'இது என் வண்டி'ன்னு அவரு சொல்லணும். கண்ணு இல்லியே, கையாலதான் பாப்பாரு. கண்ண ஏமாத்தலாம் சார், எங்கண்ணன் கைய ஏமாத்த முடியாது. ஒரு போல்ட் மாறியிருந்தாலும் 'பொம்மைடா இது'ன்னு எழுந்து பூடுவாரு."

'இது என் வண்டி' என்கிற ஒரு வாக்கியத்துக்காக அந்த வீடு பட்ட பாடு இருக்கிறதே! முதலில், அண்ணனிடமே நைசாகத் தகவல் கேட்கப் பார்த்திருக்கிறார்.

"ஏண்ணா, அந்த வண்டி எப்டி இருக்கும்?"

"பச்சையா இருக்கும்."

"வேற?"

"சூடா இருக்கும்."

இந்த இரண்டு குறிப்புகளோடு கிராப் வேலையில் இறங்கினார். பரணில் மூட்டை மூட்டையாகக் கிடந்த பழைய ஜக்கார்டு அட்டைகளை, அதாவது தறிக்கு டிசைன் சொல்லும் ஓட்டை போட்ட அட்டைகளை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி டேங்க்குக்கு உடம்பு கட்டினார். அட்டையிலிருந்த ஓட்டைகளையெல்லாம் சுவருக்குப் பார்ப்பதுபோல் பட்டி பார்த்து மூடினார். பீரங்கிக் குழாய்க்கு ஹால் ஜன்னலின் ஸ்கிரீன் கம்பி போயிற்று. அதற்குப் பிறகு அந்த ஜன்னலில் ஸ்கிரீனே கிடையாது. சக்கரத்துக்கு ஒரே அளவில் இருபத்துநாலு மூடி வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் எந்த வீட்டு ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தாலும், பாலிதீன் காகிதத்தைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கும்.

"சண்டைக்குப் போற டேங்க்குன்னாங்க தம்பி. சண்டை மொத்தம் எங்க வீட்லதான் நடக்குது" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார். சாப்பாடு தரைக்கு மாறியிருந்தது. டேங்க்கின் பெல்ட்டுக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் நூற்றெட்டுத் துண்டுகள் என்று கிராப் சொன்னபோது அந்த அம்மாள், "நூத்தியெட்டா? அப்ப ஒரு அர்ச்சனைக்கும் சொல்லிடலாம்" என்றார்.

டேங்க் செய்கிற பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு என்பதும் கிராபுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதில் சேர்ந்த அன்றே இங்கிலாந்துக்காரர் ஒருவரின் டேங்க் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "சார், மட்கார்டு ஒன் போல்ட் மிஸ்ஸிங். கைண்ட்லி கவுண்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். மறுநாள் அந்த மனிதர் எண்ணிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தார். "நல்ல மனுஷன் சார், ஒத்துக்கினாரு" என்று கிராப் அவரைப் பாராட்டினார்.

பிறகு பச்சை. சாயப்பட்டறைக்குப் போய், கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, பெயிண்டுக்கு மாதிரி பார்க்கப் பதினோரு விதமான பச்சையில் பட்டு நூல் தோய்க்க வைத்தார். பத்தை நிராகரித்தார். பதினோராவது கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது அந்த வழியாக வந்த ஜவுளி வியாபாரி ஒருவர், "இன்னா கலருங்க இது, புதுசா கீதே?" என்று கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். அந்தத் தை மாதம் வந்தவாசி வரைக்கும் எத்தனையோ மணப்பெண்கள் 'டேங்க் பச்சை' உடம்பும் அரக்கு பார்டருமாக, கணவன்மார்கள் நடுங்கும்படி மணவறையில் உட்கார்ந்தார்கள்.

"கண்ணு தெரியாதவருக்கு எதுக்கு சார் இத்தனை பச்சை?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அவருக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுமே" என்றார்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்குக் கஷ்டம் வந்தது. வண்டியின் முன்பக்கத்தை மேலேயிருந்து காட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதில் வலது பாதி பளிச்சென்று இருந்தது. டிரைவர் இறங்கும் கதவு தெளிவாகத் தெரிந்தது. இடது பாதி முழுக்க நிழல். நான்தான் கவலைப்பட்டேன்.

"அட, பாதி தெரிஞ்சா போதும் சார்" என்றார் கிராப். "மயிலு ஜோடி போடறோம். ஒரு பக்கம் வரைஞ்சிட்டு அப்டியே திருப்பிப் போட்டா மறுபக்கம் வந்துடுது. முப்பது வருஷமா அதான பண்ணிகினு இருக்கேன்." முப்பது வருஷ அனுபவம் அல்லவா? தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாள் குறித்தார். வாசலில் மேசை போட்டு, டேங்க்கை வைத்து, மேலே பட்டுத்துணி போர்த்தி, பிள்ளையாருக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்தார். தெரு கூடிவிட்டது. மளிகைக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு முதல் ஆளாக வந்து நின்றார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்தார். கிராப் பட்டுத்துணியை எடுத்து, ஓரத்துக்கு ஓரம் சரியாக நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். விரல்கள் மெதுவாக ஊர்ந்தன.

"பெல்ட்டு... சரி. சைடு தகடு... சரி. மட்கார்டு... சரி."

ஒவ்வொரு 'சரி'க்கும் கிராப் ஒரு மூச்சு விட்டார். விரல்கள் முன்பக்கத்துக்கு வந்து வலது பக்கக் கதவில் நின்றன. நகத்தால் நெம்பித் திறந்தார். கிழவர் முகம் அப்படியே மாறிவிட்டது.

"இங்கதான்டா குந்திகினு இருந்தேன்" என்றார்.

இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. அப்போது அந்தக் கை இடது பக்கம் நகர்ந்தது.

"டேய், இது இன்னாடா?"

"டிரைவர் கதவுண்ணா."

"அப்ப அது?"

"அதுவும்... டிரைவர் கதவுதாண்ணா."

"ரெண்டு டிரைவரா? எவன்டா அவன், எனக்குத் தெரியாம என் வண்டில ஏறினவன்? கண்டக்டரா?"

தெரு கொல்லென்று சிரித்தது. கிராபின் மண்டை முழுக்க வியர்த்துக் கொட்டியது. "மயிலு மாதிரி திருப்பிப் போட்டுட்டேன் சார்" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு முனகினார். "போச்சு. எல்லாம் போச்சு." உண்மையாகவே அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அண்ணன் எழுந்து போகவில்லை. இடது கதவைத் தட்டித் தட்டி, யாரிடமோ சொல்வதுபோல் பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம் ஏதுடா ஆளு? இங்க குண்டு. அடுக்கி அடுக்கி வெச்சிருப்பான். கைய நீட்டினா முழங்கை அதுலதான் போய் இடிக்கும், ஒரே பேஜாரு. வெளியே புழுதி. இம்மாத்தூண்டு கண்ணாடில பாக்கணும், ஒண்ணும் தெரியாது. மேலேருந்து கமாண்டர் காதுல கத்துவான், லெஃப்டு லெஃப்டுன்னு. சொன்ன பக்கம் திருப்பணும், அவ்ளோதான். இப்ப கீற மாதிரிதான், கண்ணு இருந்தும் ஒண்ணும் தெரியாது."

நிறுத்தாமல் பேசினார். எந்த ஆற்றில் வண்டி சிக்கியது, எவன் சப்பாத்தியைக் கருக்கினான், எந்தச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு நாள் காது கேட்கவில்லை என்று ஐம்பது வருஷத்துப் பேச்சும் அங்கேயே வெளியே வந்தது. "என் கல்யாணத்துல கூட எங்கப்பா இவ்ளோ பேசலீங்க" என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். டேங்க் அச்சு அசலாக இருந்திருந்தால் மனிதர் 'சரி' என்று முடித்துக்கொண்டு போயிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மளிகைக்கடைக்காரர் மெல்லக் கேட்டார். "அப்ப தண்ணி, அண்ணே?"

"தண்ணியா? குடிக்கவே கெடைக்கலய்யா."

அவர் அப்படியே அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சிகினு இருந்துட்டோம்ணே" என்றார். அண்ணன் டேங்க்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இது என் வண்டிதான்யா. ஒரு கதவுதான் ஜாஸ்தி."

அந்த ஒரு வாக்கியத்தைத் தெருவே கேட்டாயிற்று. ஆனால் கிராப் கிராப்தானே? அடுத்த நிமிஷம் உள்ளே ஓடிப்போய்ப் பட்டி டப்பாவும் தகடுமாக வந்து நின்றார். "அஞ்சு நிமிஷண்ணா. அந்தக் கதவ அடைச்சுடறேன்."

அண்ணன் இடது கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"வேணாம், உடு. அதுல நீ குந்திக்க."

கிராப் டப்பாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் ரொம்ப நேரம் துடைத்தார். அந்தக் கதவு இன்றைக்கும் அடைக்கப்படவில்லை. சாயங்காலமானால் அண்ணன் வந்து டேங்க்குக்கு வலது பக்கம் உட்காருகிறாராம், தம்பி இடது பக்கம் நாற்காலி போட்டுக்கொள்கிறாராம். நான் ஊர் மாறி வந்து வருஷம் இரண்டாகிறது. சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த வழுக்கைத் தலை ஞாபகத்துக்கு வருகிறது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்போல் இருக்கிறது.