நான் வில்லனாக்கிய கதாநாயகன்

பாதி பார்த்த படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. பேசினாலும், சம்பந்தியாக வரப்போகிறவரிடம் பேசவே கூடாது. இரண்டையும் செய்துவிட்டுக் கிளிநொச்சியில் இன்னும் கூச்சமில்லாமல் நடமாடுகிறவன் நான்.

மகள் தர்சினிக்குப் பூவரசங்குளத்து நிரோசனைப் பிடித்திருந்தது. அவனுடைய தகப்பன், ஓய்வுபெற்ற இங்கிலிஷ் மாஸ்டர், மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்.

“அப்பா, அவருக்கு ஒரு பழைய இங்கிலிஷ் படமெண்டால் உயிர். பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர காதல், பகிடி. அந்தச் சோடியைப் புகழ்ந்தால் காணும், மனுசன் இளகீடுவார்” என்று மடிக்கணினியைத் தந்தாள் மகள்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பார்த்தேன். (அதுதான் முதல் பிழை.) உரப்பையில் அச்சடித்திருக்கும் அளவுக்குத்தான் எனக்கு இங்கிலிஷ். எல்லாப் பெடியன்களும் ஒரே சாடை. ஒரு பெட்டை, அவள் வீட்டிலேயே ஒரு சுருட்டைத்தலைப் பெடியன். ஓயாத சண்டை, தலையணை எறி, அவள் கோப்பையிலிருந்து சாப்பாடு பறிப்பு. கட்டுகிற முறை இல்லாமல் இவ்வளவு சேட்டை நடக்குமா? மச்சான்தான் என்று தீர்மானித்தேன். இடையிடையே மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து அவளுக்குக் கோபமேற்றினான். வில்லன். எல்லாம் விளங்கிய திருப்தியில் நித்திரையாகிவிட்டேன்.

ஞாயிறு. மனைவியோடும் நிரோசனோடும் வந்த மாஸ்டர் கதிரையில் விறைப்பாக இருந்தார். நான் தொடங்கினேன்.

“மாஸ்டர், அந்தப் படத்தில ரெண்டு பேரின்ரயும் பொருத்தம்! தலையணையால அடிக்கேக்கை கண்ணில என்ன காதல்!”

மாஸ்டர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “ஆரைச் சொல்லுறியள்?”

“அந்தச் சுருட்டைத்தலை மச்சான்.”

“அவன் அவளின்ர கூடப்பிறந்த அண்ணன்!”

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. (மனைவி.) மகளின் முகம் வெளிறிவிட்டது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அப்ப... மோட்டார் சைக்கிள்காரன் வில்லன் இல்லையோ?”

“அவன்தான் ஹீரோ!”

மாஸ்டர் எழும்பப் போனார். அப்போது அவருடைய மனைவி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா.

“இருங்கோப்பா. கலியாணம் முடிச்ச புதுசில நீங்கள் காட்டேக்கை நானும் மச்சான் எண்டுதான் நினைச்சனான். உங்களுக்குப் பயத்தில இவ்வளவு காலமும் சொல்லேல்லை.”

மாஸ்டர் அவவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை குழம்பியது அவர். “கடைசியாவது பாத்தனீங்களோ?” என்று இருவரையும் கேட்டார். இருவரும் அதற்குள் நித்திரையாகியிருந்தோம்.

உடனே மடிக்கணினி வந்தது. கடைசிக் காட்சியில் வில்லன் (மன்னிக்கவும், ஹீரோ) மழைக்குள் நிற்கிறான். அவள் கோபமாக இருக்கத்தான் பார்க்கிறாள்; ஆனால் சிரிப்பு உதட்டோரத்தால் தப்பி வருகிறது. அவன் அதைக் கண்டும் காணாததுபோல நிற்கிறான். தொடவுமில்லை, கதைக்கவுமில்லை. எனக்கே நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

திரும்பிப் பார்த்தால், வடைத்தட்டோடு தர்சினி. எதிரே நிரோசன். அதே அடக்கிய சிரிப்பு, அதே காணாத பார்வை. மாஸ்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாள் பாப்பம்” என்றார்.

மருமகன் இன்றைக்கும் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவது இப்படித்தான்: “மாமா, வில்லன் வந்திருக்கிறன்!”