அபாயம் இருப்பில் இல்லை

சேசு மரி சூசை துணை

நொச்சிக்குப்பம்,
வெள்ளிக்கிழமை.

பாலவாக்கத்தில் இருக்கும் அன்புத் தங்கை எஸ்தருக்கு அண்ணன் லூர்துசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி தேசம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. என் நம்பரை நீ உன் போனில் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியதாயிற்று. என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்க மாட்டாய் என்று, தபாலாபீசில் முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம் முகவரியை எழுதி வாங்கினேன். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் என் மகன் பிரபாகரைத் தள்ளிவைக்கச் சொல்லி நீ மனு கொடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் மகன் அஜித்குமாருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அது நியாயம்தான். அந்த மனுவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம். ஆனால் மனுவில் 'லூர்துசாமி குடும்பம்' என்று போட்டிருக்கிறாயாம். கார்ப்பரேஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன், மனுவில் சொல் சுருக்கமாக இருக்க வேண்டும். குடும்பம் என்பதை எடுத்துவிட்டு அவன் பெயரை மட்டும் போட்டால் போதும்.

அவன் செய்தது என்ன என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அந்த இயந்திரத்துக்குள் நடந்ததை நான் சொல்கிறேன், கேள். அடையாறு ஆபீசில் அவன் பார்க்கும் வேலையே இதுதானாம். போனிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால் அது எதற்கு வந்தது என்று பார்த்து உரிய இடத்துக்குத் தள்ளிவிடும் சின்ன புரோகிராம், பெயர் ரவுட்டர். அதையே நம் குப்பத்துக்கும் செய்து கொடுத்தான். மீன் வேண்டுபவர் கேட்கலாம், கடலில் மாட்டிக்கொண்டவர் அபாயம் என்ற பட்டனை அழுத்தலாம். இதற்கென்று சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. எங்கோ இருக்கும் யாருடையதோ கம்ப்யூட்டரில், கூப்பிட்டால் மட்டும் எழுந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளுமாம். உள்ளே போகும் வழியில் மிடில்வேர் என்று சில காவல்கள். ஒன்று நம்பரைப் பார்த்து நம்ம ஊர் ஆளா என்று விசாரிக்கும், ஒன்று நேரத்தைக் குறிக்கும், ஒன்று பதிலுக்கு முன்னால் நன்றி சேர்க்கும். அப்புறம் ரவுட்டர் தன் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அங்கேயே தள்ளிவிடும், அதற்குக் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மீன் வரி எந்தச் சொல் வந்தாலும் அதை மீன் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அந்த மீன் வரி மேலே இருந்தது எஸ்தர். அபாய வரி கீழே இருந்தது.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு அஜித்தும் அம்மாசியும் போன படகில் தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வலைக்கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை அறுக்க இறங்கிய அஜித்தின் வலது கால் அலையில் படகுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. போனில் நாலு சதவீதம்தான் சார்ஜ். பேசினால் குரல் எட்டாத இடத்திலும் பட்டன் எட்டும் என்று பிரபாகர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். அழுத்தினான், எத்தனை பேர் என்று கேட்டதற்கு இரண்டு என்று போட்டான். 'தங்கள் தகவல் கிடைத்தது, நன்றி' என்று முதல் வரி வந்தது. அதோடு போன் அணைந்துவிட்டது. மத்தியானம் தூரத்தில் ஒரு விசைப்படகு போனதாம். சட்டையைக் கழற்றி ஆட்டட்டுமா என்று அம்மாசி கேட்டிருக்கிறார். உன் பிள்ளை அந்தக் காலோடு என்ன சொன்னான் தெரியுமா? "வாணாம்ணா. நம்மாளுங்க வந்துகினு கீறாங்க. அவுங்கள இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணிக்கினு."

இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு உன் மருமகள் முத்துமாரி, படகு திரும்பவில்லையே என்று அடையாறு ஆபீசுக்கே ஓடியிருக்கிறாள். பிரபாகர் அவள் கண்ணெதிரிலேயே அபாயப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அதில் ஒன்றும் இல்லை.

"காலியா கீது பாரு அண்ணி. எதுனா ஆயிருந்தா இதுல வந்துருக்கும். நீ வூட்டுக்குப் போ."

அவள் அவனை நம்பினாள், அவன் அந்த இயந்திரத்தை நம்பினான். மறுநாள் விடிந்துதான் தேடப் படகுகள் போயின. அதற்குள் படகு வடக்கே அடித்துப் போயிருந்தது, எண்ணூர்ப் பக்கத்து ஆட்கள் அவர்களைக் கண்டுபிடித்து இழுத்துவரும்போது மாலை ஆகிவிட்டது. அஜித்துக்கு மூன்று கால்விரலை எடுத்தார்கள். நீ அவனையும் முத்துமாரியையும் பாலவாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வர வேண்டும் என்று செருப்பைக்கூடப் போட்டேன், வரவில்லை.

தேடப் போன காலையில்தான் பிரபாகருக்கு மீன் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றியது. அதில் பதிவு இருந்தது. பொருள்: அபாயம். அளவு: இரண்டு. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம்: கடலில் ஒரு புள்ளி. நம்பர் சரி, நேரம் சரி, பெயர் சரி. காவல்கள் எல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கின்றன. நன்றிக்குக் கீழே, அஜித் படிக்காமல் போன இரண்டாவது வரியும் இருந்தது: 'மன்னிக்கவும், அபாயம் இன்று இருப்பில் இல்லை.' இந்த வரியை யாரோ படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். மீன் வாங்கப் போனால் என்னைப் பார்த்து, "மாமா, அபாயம் கிலோ எவ்ளோ?" என்கிறார்கள். பூசையில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. தேசம்மா மார்க்கெட்டுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள்.

போன கூட்டத்தில் எல்லோரும் அவனை ஒரே கேள்விதான் கேட்டார்கள்: உயிர் போகிற வரியைக் கீழே போட்டு மீனை ஏன் மேலே வைத்தாய்? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தப்பு என்னுதுதான்" என்று மட்டும் சொன்னான். நானும் எழுந்து நின்று, பெற்ற பிள்ளை என்றும் பாராமல் நாலு வார்த்தை திட்டினேன், நீயும் கேட்டிருப்பாய். அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. அவனும் ஆபீஸ் விட்டு வந்து தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். ஆகவே அவனுக்கு ஊர் என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். நானும் தேசம்மாவும் வயதானவர்கள், எங்களை இதில் இழுக்காதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அஜித்தின் காலுக்காகத் தினமும் மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன். முத்துமாரிக்கு என் ஆசியைச் சொல். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் தம் கையில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த அண்ணன்,
சூ. லூர்துசாமி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அவன் அபாய வரியைத்தான் மேலே வைத்திருந்தான் எஸ்தர். ஊருக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் எனக்குக் காட்டினான். கடலுக்குப் போகிறவன் கண்ணில் முதலில் அபாயமா படுவது, அபசகுனம், மீனை மேலே போடு என்றேன். பார்க்கிற பக்கத்தில் மட்டும் மாற்றுகிறேன், உள்ளே இருக்கட்டும் என்றான். உள்ளேயும் கூடாது, மாற்றினால்தான் சோற்றில் கை வைப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். "வரிசைல விஷயம் கீது நைனா. மாத்துனா மறுபடி சோதிச்சுப் பாக்கணும், ரெண்டு நாள் குடு" என்று சொல்லிக்கொண்டேதான் மாற்றினான். அந்த இரண்டு நாளையும் நான் கொடுக்கவில்லை. அன்றைக்கே பங்குச் சாமியாரிடம் சொல்லி, மறுநாள் பூசை முடிந்ததும் எல்லார் போனிலும் ஏற்ற வைத்தேன். கூட்டத்தில் அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மனுவில் அவன் பெயரையும் அடித்துவிட்டு என் பெயரைப் போடு, இந்தத் தாளைக் கூட்டத்தில் படிக்கக் கொடு. நானே எழுந்து சொல்லிவிடுவேன் என்று எழுத ஆசைதான். மூன்று மாதமாக அதற்கு மட்டும் எழவில்லை. அதனால்தான் உன்னிடம் கொடுக்கிறேன்.